நாற்பத்தெட்டாவது இடம்

இந்துமதி தன் ஆய்வுக்காக நாற்பத்தெட்டு ஆண்களைச் சோதித்தாள். இருபத்து நான்கு பேர் சங்கு குளிக்கிறவர்கள். மீதி இருபத்து நான்கு பேர் வலை போட்டு மீன் பிடிக்கிறவர்கள், தண்ணீருக்கு அடியில் இறங்காதவர்கள். எல்லோரும் தூத்துக்குடி திரேஸ்புரம்தான். வயதும் படிப்பும்கூட ஏறக்குறைய ஒன்றுதான். வருடக்கணக்காக ஆழத்தில் இறங்கி ஏறுகிறவர்களின் மூளை மற்றவர்களுடையதைவிட மெதுவாக வேலை செய்கிறதா என்பது அவளுடைய கேள்வி.

அவளுக்கு முப்பத்தொரு வயது. ஊரில் ஒரு கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே திருநெல்வேலியில் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தாள். அப்பா அய்யாக்குட்டி பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடற்கரை அவர்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். ஆனாலும் ஆய்வு தொடங்கும்வரை திரேஸ்புரத்துக்குள் அவள் மீன் வாங்கக்கூடப் போனதில்லை.

முதல் மாதம் ஒருவரும் வரவில்லை. மூளையைப் பரிசோதிக்க ஒரு பொம்பளை வந்திருக்கிறாள், பார்த்துவிட்டு அதிகாரிகளிடம் எழுதிப்போட்டுக் கடலுக்குப் போக விடாமல் செய்துவிடுவாள் என்று பேசிக்கொண்டார்கள். கடற்கரையில் இருந்த தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் அவள் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு காலை முழுக்கத் தனியாக உட்கார்ந்திருப்பாள். அப்படி ஒரு நாள்தான் ஏசுவடியான் உள்ளே வந்து எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாற்பத்திரண்டு வயது. பதினெட்டு வயதிலிருந்து சங்கு குளிக்கிறவர்.

"இதுல எங்களுக்கு என்ன பிரயோஜனம் டீச்சர்?" என்று கேட்டார்.

"உங்களுக்கு நேரடியா ஒண்ணும் இருக்காது அண்ணாச்சி. பின்னால வர்றவங்களுக்கு ஏதாவது உதவலாம்" என்றாள் இந்துமதி.

அவர் சிரித்துவிட்டார். "உள்ளதச் சொல்லுதியளே. இந்த மருந்து குடி, அந்த மிசினு வாங்கித் தாரேன்னு சொல்லிட்டு வாரவங்களத்தான் நாங்க பாத்திருக்கோம்."

மறுநாளிலிருந்து தினம் இரண்டு பேராக அனுப்பி வைத்தார். தயங்கியவர்களைத் தானே கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். சோதனை நடக்கும்போது வாசலில் நின்று, "எலே, அவசரப்பட்டு ஒடைச்சிராத, அது டீச்சரோட சொந்தக் கம்ப்யூட்டர்" என்று கத்துவார். இருபத்து மூன்று பேர் முடிந்த பிறகுதான் தன் முறைக்கு வந்தார். தை மாதக் கடைசி. அன்று காலை கடலுக்குப் போய்விட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி வந்திருந்தார்.

சோதனை எளிது. திரையில் சிவப்பு வட்டம் வந்தால் இடது பொத்தான், பச்சை வட்டம் வந்தால் வலது பொத்தான். அறுபது முறை. வட்டம் தோன்றியதற்கும் விரல் அழுத்தியதற்கும் இடைப்பட்ட நேரத்தைக் கணினி ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிவரை துல்லியமாகக் குறித்துக்கொள்ளும். மீனவர்களுக்குச் சராசரியாக நானூற்றுப் பத்து வந்திருந்தது. குளிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் கூட. அவர்களில் அதுவரை மெதுவான ஆள் நௌஃபல், இருபத்தேழு வயதுக்காரன். அவனுக்கு ஐநூற்று அறுபது.

ஏசுவடியானுக்கு ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு.

அவர் ஒன்றைக்கூடத் தப்பாக அழுத்தவில்லை. வட்டம் வரும், அதைப் பார்ப்பார், லேசாகப் புன்னகை செய்வார், பிறகு அழுத்துவார். வட்டத்துக்கும் விரலுக்கும் நடுவே அவர் எங்கோ போய்விட்டுத் திரும்பி வருவதுபோல இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இந்துமதி, "வேகமா அமுக்கலாம் அண்ணாச்சி" என்றாள்.

"தப்பாயிரக் கூடாதுல்லா டீச்சர். அத்தன பேரையும் கூட்டியாந்துட்டு நான் தப்பா அமுக்குனா சிரிக்க மாட்டானுவளா?"

அவள் தாளில் அவர் எண்ணுக்கு நேரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டாள். கவனமாக அழுத்துகிறார், அதனால் தாமதம் என்று பக்கத்தில் எழுதினாள். இன்னொரு முறை எடுத்துப் பார்க்கலாம் என்று நினைப்பதற்குள் மின்சாரம் போனது. கணினியிலும் சார்ஜ் தீர்ந்திருந்தது.

எழுந்து போகும்போது அவர் கேட்டார். "எனக்கு எத்தன மார்க்கு டீச்சர்?"

"இதுல மார்க்கெல்லாம் கிடையாது அண்ணாச்சி."

"சும்மா சொல்லுங்க. வீட்டுல கேப்பா."

"யாருக்கும் சொல்றதில்ல. நீங்க கையெழுத்துப் போட்ட தாள்லயே எழுதியிருக்கு, தனிநபர் முடிவுகளை வெளியிட மாட்டோம்னு."

"அப்போ பாஸுன்னு சொல்லிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வரியை இந்துமதி வேறொரு ஆய்வின் ஒப்புதல் தாளிலிருந்து அப்படியே எடுத்து எழுதியிருந்தாள். முடிவுகளை மற்றவர்களுக்கு வெளியிட மாட்டோம் என்பதுதான் அதன் பொருள். சம்பந்தப்பட்டவரிடமே சொல்லக்கூடாது என்று அதில் எங்கும் இல்லை.

மாசி பாதியில் அவள் கணக்குப் போட உட்கார்ந்தாள். வழக்கமாக எல்லோரும் செய்கிற டி-டெஸ்டைத்தான் முதலில் ஓட்டினாள். இரண்டு கூட்டத்தின் சராசரிகளையும் ஒப்பிடுகிற சோதனை அது. எண்கள் மணி வடிவத்தில், நடுவில் குவிந்து இரு பக்கமும் சமமாகச் சரிந்து கிடக்கும் என்று நம்பி நடக்கிறது, பாராமெட்ரிக் வகை. ஆனால் மனிதர்கள் பொத்தான் அழுத்துகிற நேரம் அப்படிக் கிடப்பதில்லை. யாராலும் ஒரு அளவுக்கு மேல் வேகமாக அழுத்த முடியாது. மெதுவாக அழுத்துவதற்கோ எல்லையே இல்லை. அதனால் படம் வலது பக்கம் வாலை நீட்டும். அவள் படத்தில் வால்கூட இல்லை. குளிக்கிறவர்களின் இருபத்து மூன்று புள்ளிகள் இடது பக்கம் நெருங்கி நின்றன. ஒரே ஒரு புள்ளி வெகு தூரத்தில், தாளின் வலது ஓரத்தில் தனியாகக் கிடந்தது.

உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இப்படி ஒரு எண் தற்செயலாக வர நூற்றுக்கு ஏழு வாய்ப்பு என்றது டி-டெஸ்ட். ஐந்துக்குக் கீழே இருந்தால்தான் ஆய்வேட்டில் வித்தியாசம் உண்டு என்று எழுத முடியும். ஏசுவடியானின் எண் சராசரியை ஏற்றியது. அதைவிட அதிகமாகச் சிதறலை ஏற்றி, மற்ற எல்லோரிடமும் இருந்த சின்ன வித்தியாசத்தை மூடிவிட்டது.

அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் சுந்தர்சிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தைப் பார்த்தார். "இது அவுட்லையர், கூட்டத்தோட சேராத புள்ளி. இவரை எடுத்துட்டு ஓட்டிப் பாருங்க" என்றார்.

எடுத்துவிட்டு ஓட்டினாள். நூற்றுக்கு மூன்று. வித்தியாசம் உண்டு. அந்த எண்ணைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. நாலு வருட உழைப்பு. பேருந்தில் ஊர் திரும்பும்போது வல்லநாடு தாண்டியபிறகுதான் அந்தச் சந்தோஷம் உறுத்த ஆரம்பித்தது. மற்றவர்களை அழைத்து வந்த ஆளையே வெளியே தள்ளிவிட்டு எழுதுகிறோம் என்று தோன்றியது. குளிக்கிறவர்களின் மூளை மெதுவாகிறதா என்று கேட்டுவிட்டு, மிக மெதுவான ஆளைப் பட்டியலிலிருந்து எடுப்பது என்ன நியாயம்?

அடுத்த வாரம் நான்-பாராமெட்ரிக் வகையில் மான்-விட்னி சோதனையை ஓட்டினாள். அது சராசரியைப் பார்ப்பதில்லை. மணி வடிவத்தையும் எதிர்பார்ப்பதில்லை. நாற்பத்தெட்டு பேரையும் வேகமான ஆளிலிருந்து மெதுவான ஆள்வரை வரிசையாக நிறுத்தி, யார் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதை மட்டும் பார்க்கும். ஏசுவடியான் நாற்பத்தெட்டாவது இடம். நௌஃபல் நாற்பத்தேழு. இரண்டு பேருக்கும் நடுவில் அறுநூற்றுச் சொச்சம் இருந்தாலும் சரி, ஒன்று இருந்தாலும் சரி, இடம் அதேதான். யாரையும் எடுக்காமலே நூற்றுக்கு இரண்டு வந்தது.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் உள்ளேயே இருக்கலாம், ஆனால் எதையும் கெடுக்க மாட்டார்.

சுந்தர்சிங் ஒப்புக்கொள்ளவில்லை. "ஒரு டெஸ்ட்டை ஓட்டி, பிடிக்காம, இன்னொண்ணை ஓட்டி, பிடிச்சிருக்குன்னு அதை வச்சுக்கறது முறையில்ல இந்துமதி. எந்த டெஸ்ட்னு ரிசல்ட்டைப் பாக்கறதுக்கு முன்னாலயே முடிவு பண்ணியிருக்கணும்."

"ரியாக்‌ஷன் டைம் சாய்வாத்தான் வரும்னு தெரியும் சார். முதல்லயே ரேங்க் டெஸ்ட்னு எழுதியிருக்கணும். அது என் தப்புதான். ஆனா சரியான டெஸ்ட் அதுதானே?"

"இருக்கலாம். ஆனா அந்த ஒரு நம்பர் அளவா, பிழையான்னே உங்களுக்குத் தெரியல. நீங்களே கேள்விக்குறி போட்டிருக்கீங்க."

இப்படியே மூன்று வாரம் போனது. அவள் கட்டுரைகளைப் படித்தாள். எண்களின் மடக்கையை எடுத்துப் பார்த்தாள். ஓரங்களை வெட்டிவிட்டுச் சராசரி எடுத்துப் பார்த்தாள். அவரை வைப்பதா, எடுப்பதா என்று மட்டும் நான்கு பக்கக் குறிப்பு எழுதினாள். கடைசியில் சுந்தர்சிங் ஒரு வழி சொன்னார். "அவர்கிட்ட திரும்ப ஒரு தடவை எடுத்துட்டு வாங்க. அதே அளவு வந்தா வைங்க, ரேங்க் டெஸ்ட்டே போடுங்க. இல்லேன்னா காரணத்தை எழுதிட்டு எடுத்திருங்க."

பங்குனி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இந்துமதி திரேஸ்புரம் போனாள். தோளில் மடிக்கணினிப் பை. இந்த முறை முழுக்க சார்ஜ் போட்டிருந்தாள். சங்கக் கட்டடம் பூட்டியிருந்தது. கரைக்கு இறங்கினாள். கரையேற்றிப் போட்டிருந்த ஒரு படகின் நிழலில் நௌஃபல் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"ஏசுவடியான் அண்ணாச்சி கடலுக்குப் போயிருக்காரா நௌஃபல்? இன்னொரு தடவை சோதனை எடுக்கணும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். எழுந்து நின்றான். "டீச்சர், ஒங்களுக்குத் தெரியாதா?"

"என்ன?"

"அண்ணன் போய்ட்டாரு. இன்னையோட பதினோரு நாளு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார் என்று நினைத்தாள். எங்கே என்று கேட்கவும் வாயெடுத்துவிட்டாள். அவன் முகத்தைப் பார்த்த பிறகு கேட்கவில்லை.

நௌஃபல் தானாகவே சொன்னான். பலபேரிடம் சொல்லிச் சொல்லி வரிசை மாறாமல் வந்தது. "அன்னைக்கு நான் மொதல்ல இறங்கி ஏறிட்டேன். அண்ணன் ரெண்டாவது இறங்குனாரு. பத்துப் பாகம் தண்ணி, அறுபது அடி இருக்கும். கயிறு என் கையில இருக்கு. காத்து அனுப்புத மிசினு திடீர்னு இருமுன மாதிரி இருந்தது. மூணு இழுப்பு இழுத்தேன். மூணு இழுத்தா, கையில உள்ளதப் போட்டுட்டு ஒடனே மேல வந்திரணும். எப்பமும் இழுத்த கையோட கீழருந்து பதில் இழுப்பு வரும். வரல. திரும்ப மூணு இழுத்தேன். அப்பவும் வரல. பொறவு ஒரே ஒரு இழுப்பு வந்தது டீச்சர். என்னலேன்னு கேக்குத மாதிரி. அதுக்குள்ள மிசினு நின்னு போச்சு. நானும் டிரைவரும் சேந்து இழுத்தோம். மேல வரும்போது மூச்சு இல்ல."

இந்துமதி மணலில் உட்கார்ந்துவிட்டாள். பையின் வார் தோளிலிருந்து நழுவியது.

"அதுக்கு முன்னால..." என்றாள். நழுவிய பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு திரும்பக் கேட்டாள். "அதுக்கு முன்னால அவருகிட்ட ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சதா?"

"தெரிஞ்சதுதான். ரெண்டு மூணு மாசமாவே ஒண்ணு கேட்டா சித்த நேரம் கழிச்சுத்தான் பதில் வரும். அண்ணனுக்கு டவர் கெடைக்கலன்னு நாங்க கேலி பண்ணுவோம். அவரும் சேந்து சிரிப்பாரு. அதுவும் சித்த நேரம் கழிச்சுத்தான்."

வட்டத்துக்கும் விரலுக்கும் நடுவே அவர் போய்வந்த தூரம் அவள் கண் முன்னால் நின்றது. அது பிழை இல்லை. கவனமும் இல்லை. தை மாதக் கடைசியில் அந்த எண் அவள் கையில் இருந்தது. அவரை அட்டவணையில் வைப்பதா எடுப்பதா என்று மூன்று வாரம் யோசித்தவள், அவரிடம் சொல்வதா என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

அவள் அங்கிருந்து நேரே ஏசுவடியானின் வீட்டுக்குப் போனாள். போகாமல் திரும்பிவிடலாம் என்று தெருமுனையில் ஒரு முறை நின்றாள். நௌஃபல் கொஞ்ச தூரம் கூட வந்து வீட்டைக் கைகாட்டிவிட்டு நின்றுகொண்டான்.

அவர் மனைவி ஜீவமணி வாசலுக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும். முகம் வீங்கியிருந்தது. உள்ளே சுவரில் வெள்ளைச் சட்டை போட்ட அவர் படம். அதைச் சுற்றிச் சின்னச் சின்னதாக மின்விளக்குகள் எரிந்தன. இந்துமதி தன் பெயரைச் சொன்னதும் ஜீவமணி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"நீங்கதான் டீச்சரா? ஒங்களப் பத்திச் சொல்லுவாரு. பரீட்ச எழுதிட்டு வந்த அன்னைக்கு ஒரே குஷி. பத்தாங்கிளாசு பெயிலான ஆளு, இப்பம் பாஸாயிட்டேன் பாத்தியான்னாரு. ஒண்ணுகூடத் தப்பில்ல, டீச்சரே அசந்து போய்ட்டாங்கன்னாரு."

இந்துமதி உட்காரவில்லை.

"பாஸுதான டீச்சர்?" என்றாள் ஜீவமணி. ஆமாம் என்று ஒரு சொல் கேட்டால் போதும் என்பதுபோல இருந்தது அவள் முகம்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பிற்பாடு பல முறை அப்படித்தான் செய்திருக்க வேண்டுமோ என்று இந்துமதி யோசித்ததுண்டு. ஆனால் அன்று அவளால் முடியவில்லை.

"அவர் ஒண்ணுகூடத் தப்பா அமுக்கல அக்கா. ஆனா மத்தவங்க அரை செகண்டுக்குள்ள அமுக்கினதுக்கு அவருக்கு ஒரு செகண்டுக்கு மேல ஆச்சு. அத்தனை பேர்ல அவருக்குத்தான் ரொம்ப லேட்டு. மூளையில ஏதோ கோளாறு இருந்திருக்கணும். எனக்கு அது தை மாசமே தெரியும்."

"தெரியுமா?"

"நம்பர் தெரியும். நிதானமா அமுக்கறதால லேட்டுன்னு நெனச்சுக்கிட்டேன். அப்புறம் அவரைக் கணக்குல வைக்கிறதா எடுக்கிறதான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

"கணக்குல" என்றாள் ஜீவமணி.

அவள் சுவரோரம் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். தெருவில் ஐஸ் வண்டி ஒன்று போனது. பிறகு அவள் இந்துமதியைப் பார்க்காமலே பேசினாள்.

"நான் கூப்பிட்டா திரும்ப மாட்டாரு. ரெண்டாவது கூப்பிடுக்குத்தான் திரும்புவாரு. தண்ணி போயி காது அடச்சிருக்குன்னு நெனச்சேன். தெனமும் எண்ணெயக் காய்ச்சி ஊத்துனேன். காதுல ஒண்ணும் இல்ல ஜீவா, நல்லாத்தான் கேக்குன்னாரு. நான் விடல. தலையப் புடிச்சு மடியில வச்சுக்கிட்டு ஊத்துனேன்."

இந்துமதி அழுதாள். ஜீவமணி அழவில்லை.

"அவருகிட்டச் சொல்லியிருந்தியன்னா சிரிச்சுக்கிட்டே கடலுக்குத்தான் போயிருப்பாரு. அது எனக்குத் தெரியும். என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? கால்ல விழுந்தாவது நிப்பாட்டியிருப்பேன்." எழுந்து நின்று, "நீங்க போங்க டீச்சர். பிள்ள பள்ளிக்கூடம் விட்டு வந்திருவா. அவ முன்னால இதப் பேச வேண்டாம்" என்றாள்.

மணி பதினொன்றுகூட ஆகியிருக்கவில்லை. இந்துமதி வெளியே வந்தாள்.

நௌஃபல் தெருமுனையில் அப்படியே நின்றிருந்தான். அவனைப் பார்த்ததும் அவளுக்கு அடுத்த எண் ஞாபகம் வந்தது. ஐநூற்று அறுபது. முடிவை வாய்விட்டுச் சொல்லப் பல்கலைக்கழகத்தின் எந்தக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும், எத்தனை வாரம் ஆகும் என்று ஒரு பக்கம் மனசு ஓடியது. அவள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

"நௌஃபல், உங்க நம்பரும் கொஞ்சம் மெதுவாத்தான் வந்திருக்கு. குளிக்கிறவங்கள்ல அண்ணாச்சிக்கு அடுத்தது நீங்கதான். டாக்டரைப் பாக்கணும். பாக்கறவரைக்கும் தண்ணில இறங்காதீங்க."

அவன் அதைப் பயந்துபோய்க் கேட்பான் என்று நினைத்தாள். அவன் பயப்படவில்லை. வேறு எதையோ யோசித்தான். கேட்க அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"நான் மெதுவுன்னா, அன்னைக்கு மிசினு இருமுன ஒடனே நான் கயித்த இழுத்தேனா டீச்சர்? இல்ல நானும் லேட்டாத்தான் இழுத்தேனா?"

"அப்படி இல்ல நௌஃபல். உங்களுக்கும் மத்தவங்களுக்கும் ஒரு செகண்ட்ல பத்துல ஒரு பங்குதான் வித்தியாசம். அதுல ஒண்ணும் ஆகியிருக்காது."

"அண்ணனுக்கு மட்டும் எவ்வளவு வித்தியாசம்?" என்று கேட்டான். முக்கால் நொடி என்றாள். "அதுவும் முக்கா செகண்டுதான?"

அவளுக்குப் பதில் தெரியும். பொத்தான் அழுத்துகிற நேரம் ஒரு அடையாளம் மட்டும்தான்; மூளையில் அதைவிடப் பெரிதாக ஏதோ நடந்திருக்கிறது என்பதற்கான அடையாளம்; அந்த முக்கால் நொடி தானாக ஆளைக் கொல்வதில்லை. அதை முடிந்தவரை எளிமையாகச் சொன்னாள். அவன் தலையாட்டிக் கேட்டான். கேட்டு முடித்துவிட்டு, "ஆனா நான் எப்பம் இழுத்தேன்னு யாருக்கும் தெரியாதுல்லா" என்றான்.

மறுவாரம் இந்துமதி திருநெல்வேலி போய் நடந்ததை எல்லாம் சுந்தர்சிங்கிடம் சொன்னாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அவர் பேரென்ன?"

"ஏசுவடியான் சார்."

"மூணு வாரம் அவரைப் பத்திப் பேசியிருக்கோம். நான் பேரைக் கேக்கவே இல்ல." சற்றுக் கழித்து, "வச்சிருங்க. எடுக்கறதுக்கு நமக்குக் காரணம் எதுவும் இல்ல" என்றார்.

ஆய்வேட்டில் அவள் ரேங்க் சோதனையையே போட்டாள். ஏன் அது என்று நான்கு வரி எழுதினாள்: எண்கள் மணி வடிவில் இல்லை, கூட்டம் சிறியது, ஓர் அளவு மற்றவற்றிலிருந்து வெகுவாக விலகியிருக்கிறது, இந்தச் சோதனை அதனால் பாதிக்கப்படுவதில்லை. கடைசி வரியை எழுதிவிட்டு அவள் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தக் குணத்துக்காக அந்தச் சோதனையைத் தேர்ந்தெடுத்தாளோ அந்தக் குணமே அவளை வதைத்தது. அவர் ஐநூற்று எழுபதில் அழுத்தியிருந்தாலும் நாற்பத்தெட்டாவது இடம்தான். ஐந்து நொடி எடுத்திருந்தாலும் நாற்பத்தெட்டாவது இடம்தான். முடிவு சரி. முறையும் சரி. அவருக்கு என்ன ஆகிக்கொண்டிருந்தது என்பது மட்டும் அதில் எங்கும் இல்லை. டி-டெஸ்ட் போட்டிருந்தாலும் இருந்திருக்காது. அங்கே அவர் ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். எந்தச் சோதனை என்கிற கேள்விக்கு அவள் சரியான விடை கண்டுபிடித்திருந்தாள். அவரைப் பார்த்த அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுவல்ல.

இனி சோதனைக்கு வருகிறவர்களுக்காக ஒப்புதல் தாளை மாற்றி எழுதினாள். அளவு வழக்கத்துக்கு மாறாக இருந்தால் அன்றே அவரிடமும், அவர் சொல்கிற ஒரு வீட்டு ஆளிடமும் தெரிவிக்கப்படும் என்று சேர்த்தாள். பல்கலைக்கழகக் குழு அதை ஏற்க ஆறு வாரம் ஆனது. அதற்குள்ளாகவே குளிக்கிறவர்களில் மீதி இருபத்து மூன்று பேர் வீட்டுக்கும் ஒவ்வொன்றாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். சிலர் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். சிலர் வாசலோடு அனுப்பினார்கள். நாலு பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். கடலுக்குப் போவதை நிறுத்தியது நௌஃபல் ஒருவன்தான்.

வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்தத் தனிப் புள்ளியைச் சுட்டிக்காட்டி, இது அளவுப்பிழையாக இருக்கலாமே, ஏன் நீக்கவில்லை என்று கேட்டார்.

"பிழை இல்ல சார். சரியான அளவு."

"மறுபடி எடுத்துப் பாத்தீங்களா?"

"எடுக்கப் போனேன். அதுக்குப் பதினோரு நாள் முன்னால அவர் கடல்ல இறந்துட்டார்."

தேர்வாளர் தாளைப் புரட்டினார். அடுத்த கேள்வி மேற்கோள் பட்டியலைப் பற்றியதாக இருந்தது. பட்டம் கிடைத்தது. கல்லூரியில் பொன்னாடை போர்த்தினார்கள். அப்பா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார்.

ஜீவமணியை அவள் பிறகு ஒரே ஒரு முறைதான் பார்த்தாள், பழைய பேருந்து நிலையத்தில். பக்கத்தில் மகள் நின்றிருந்தாள். ஜீவமணியும் இந்துமதியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மகளின் தோளைப் பிடித்து மெல்ல வேறு பக்கம் திருப்பி நிறுத்திக்கொண்டாள். இந்துமதி தன் பேருந்து வந்தும் ஏறாமல், அவர்கள் ஏறிப் போகிறவரை ஒரு தூணுக்குப் பின்னால் நின்றாள்.

நௌஃபல் காயல்பட்டினத்து மாமா ஒருவர் மூலமாகச் சவூதியில் உள்ள தம்மாமுக்குப் போய்விட்டான். அங்கே ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு எண் ஒட்டுகிற வேலை. வெள்ளிக்கிழமை விடுமுறை. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானத் தொழுகை முடிந்து இந்துமதியைக் கூப்பிடுவான். உடம்பு எப்படி இருக்கிறது, தலைவலி உண்டா, மறதி உண்டா என்று அவள் கேட்பாள். எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்பான். வெயில், சாப்பாடு, அறையில் கூட இருக்கிறவர்கள் என்று ஏதாவது சொல்வான். பிறகு அவன் என்ன கேட்கப்போகிறான் என்று அவளுக்குத் தெரியும்.

"டீச்சர், நான் அன்னைக்கு ஒடனே இழுத்தேனா இல்லையான்னு கண்டுபிடிக்க ஏதாவது டெஸ்ட் இருக்கா?"

"இல்ல நௌஃபல்" என்பாள் அவள்.

"சரி டீச்சர்" என்பான். ஆனாலும் ஃபோனை உடனே வைக்க மாட்டான். அவளும் வைக்க மாட்டாள்.